டிராயர் முகப்புக்கு எந்த ஸ்க்ரூ, எவ்வளவு நீளம்?

சமையலறை மரவேலை முடிந்த வீடுகளில் முதலில் ஆட ஆரம்பிப்பது பெரும்பாலும் டிராயரின் முகப்புப் பலகைதான். கதவு தொங்கினால் கீலில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்துவிடலாம். டிராயருக்கு அந்த வசதி கிடையாது. உள்ளே குக்கரும் எவர்சில்வர் டப்பாக்களும் சேர்ந்து இருபது கிலோ உட்கார்ந்திருக்கும். கைப்பிடி முகப்பை இழுக்கிறது, முகப்பு நான்கே நான்கு ஸ்க்ரூவின் வழியாக மொத்தப் பெட்டியையும் இழுக்கிறது. நாளெல்லாம் இதே இழுப்பு. பலகைக்கும் மைக்காவுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற வீட்டில், இந்த நான்கு ஸ்க்ரூவை மட்டும் ஆசாரியின் பைக்குள் அன்றைக்கு என்ன மிச்சமிருந்ததோ அது முடிவு செய்கிறது.

இங்கே நான் பேசுவது பிளைவுட்டில் பெட்டி அடித்து, அதன் முன்பலகைமேல் தனியாக ஒரு முகப்பை வைத்து, உள்ளிருந்து ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கும் முறையைப் பற்றி. தமிழ்நாட்டில் வீட்டிலேயே செய்யப்படும் மரவேலையில் இதுதான் அதிகம். இரும்புப் பக்கங்களோடு ரெடிமேடாக வரும் பெட்டிகளுக்குக் கணக்கு வேறு; அதைப் பின்னால் பார்ப்போம்.

மரை எங்கே கடிக்க வேண்டும்

உள்ளே இருக்கும் பெட்டிப் பலகையில் ஸ்க்ரூ கடிக்கவே கூடாது. அது வெறுமனே நுழைந்து போக வேண்டும். வெளியே இருக்கும் முகப்பில் மட்டும் மரை கடிக்க வேண்டும். அப்போதுதான் ஸ்க்ரூவின் தலை பெட்டிப் பலகையை முன்னால் தள்ளும், மரை முகப்பைப் பின்னால் இழுக்கும், இரண்டும் நடுவில் இறுகும்.

இரண்டு பலகையிலும் மரை கடித்தால் நடப்பது வேறு. முனை முதல் பலகையைத் தாண்டி இரண்டாவதைத் தொடும்போது, உள்ளே இறங்குவதற்கு முன் அதை அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு சுற்றினாலும் இரண்டு பலகையிலும் மரை ஒரே வேகத்தில்தான் முன்னேறும். தள்ளிய இடைவெளி அப்படியே நிற்கும். கையில் மட்டும் 'டைட்' ஆகிவிட்டது போலத் தோன்றும். அந்த முடியளவு இடைவெளியில் ஒவ்வொரு இழுப்புக்கும் முகப்பு கொஞ்சம் அசைய, ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி, ஆறு மாதத்தில் ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பிக்கும். ஆடுகிற முகப்புகளைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பாதி மரை, பாதி வழவழப்பு என்று வரும் ஸ்க்ரூவில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் டிராயர் முகப்புக்குத் தேவைப்படுகிற 25, 30 மி.மீ. நீளத்தில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் தலைவரைக்கும் மரை உள்ளதுதான். ஆகவே பெட்டிப் பலகையில் ஓட்டையைப் பெரிதாகப் போட்டுவிடுவதே வழி: 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 4.5 மி.மீ. பிட். முகப்பை இப்படி அப்படி நகர்த்தி நேர் பார்க்க இடம் வேண்டுமென்றால் 6 மி.மீ. வரை போகலாம்; அதற்குத் தலையின் கீழே வாஷர் வேண்டும்.

முகப்பின் பின்பக்கம் 2.5 மி.மீ. பைலட் ஓட்டை, அதாவது ஸ்க்ரூவுக்கு வழிகாட்ட முதலில் போடும் சின்ன ஓட்டை. எம்.டி.எஃப். (மர இழையை அழுத்திச் செய்த பலகை) முகப்பாக இருந்தால் 3 மி.மீ. வேண்டும். பைலட் ஓட்டை இல்லாமல் எம்.டி.எஃப்.பில் ஸ்க்ரூ இறக்கினால், அது இடம் தேடிக்கொள்ளும்போது ஓட்டையைச் சுற்றி மேற்பரப்பு சின்ன மேடாகப் புடைக்கும். அந்த மேடு பெட்டிப் பலகையில் முட்டி மறுபடியும் இடைவெளி விழும். பைலட் போட்ட பிறகு ஓட்டையின் வாயை கவுண்டர்சிங்க் பிட்டால் ஒரு சுற்று சுற்றிக் குழித்துவிட்டால், புடைப்பு அந்தக் குழிக்குள் அடங்கிவிடும். ஒரு ஓட்டைக்கு இரண்டு விநாடி வேலை.

நீளக் கணக்கு

தேவையான நீளத்தைக் கணக்கிடப் பலகைகளின் உண்மையான கனம் வேண்டும், பில்லில் எழுதியிருக்கும் கனம் அல்ல. 18 மி.மீ. என்று வாங்கிய பிளை 17 சொச்சமாக இருப்பது சாதாரணம். அதன்மேல் வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா, உட்பக்கம் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு லைனர் என்ற மெல்லிய மைக்கா. வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை வெர்னியரில் வைத்துப் பார்த்தால் முகப்பு பெரும்பாலும் 19க்கும் 20க்கும் இடையில் இருக்கும். பெட்டிப் பலகை 12, 16, 18 என்று மூன்று கனங்களில் வருகிறது.

இரண்டையும் கூட்டி, அதில் 4 மி.மீ. கழித்தால் கிடைப்பது அதிகபட்ச நீளம். அந்த 4 மி.மீ. பாதுகாப்புக்கு. சி.எஸ்.கே. (கவுண்டர்சங்க், அதாவது குழிக்குள் அமிழும்) தலை பலகைக்குள் கொஞ்சம் கூடுதலாக அமிழும். மெஷினின் வேகத்தில் ஒரு மில்லிமீட்டர் அமிழ்வது சகஜம். முனை மைக்காவுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அருகே வந்துவிட்டால், துளைத்து வெளியே வராவிட்டாலும் மேற்பரப்பில் பருப்போல ஒரு மேடு தள்ளும். மேட் மைக்காவில் அது கண்ணுக்குத் தப்பும். அக்ரிலிக், பி.யூ. பெயின்ட் போன்ற பளபளப்பான முகப்பில், சன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது நான்கு புள்ளியும் தெரியும். அந்த முகப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

12 மி.மீ. பெட்டி, 20 மி.மீ. முகப்பு என்றால் மொத்தம் 32. உச்சவரம்பு 28. கடையில் கிடைக்கும் 25 மி.மீ. ஸ்க்ரூ இதற்குச் சரி. முகப்புக்குள் 13 மி.மீ. போகும். 16 மி.மீ. பெட்டிக்கு 30 மி.மீ. போட்டால் 14 உள்ளே போகும். 18 மி.மீ. பெட்டிக்கு 30 அல்லது 32. ஒன்றேகால் இன்ச் என்று கேட்டால் கொடுப்பது இந்த 32தான். இங்கேதான் ஒன்றரை இன்ச்சை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது 38 மி.மீ.; இரண்டு பலகையின் மொத்தக் கனமும் 38. மேலே சொன்ன பாதுகாப்பு முழுவதும் போய்விடும். 35 மி.மீ. கூட எல்லையைத் தாண்டியதுதான்.

சின்னதாகப் போவதும் தப்பு. ஸ்க்ரூவின் கூர்முனைப் பகுதி நான்கைந்து மில்லிமீட்டருக்குச் சரியாகக் கடிக்காது. முகப்புக்குள் 13 போனால் உண்மையில் பிடிப்பது எட்டு, ஒன்பதுதான். பெட்டிப் பலகை 12 மி.மீ.தானே என்று முக்கால் இன்ச் ஸ்க்ரூவைப் போட்டால் 19இல் 7 மி.மீ.தான் முகப்புக்குள் போகும், அதில் பாதி கூர்முனை.

ஒரு விஷயத்தில் நிறையப் பேர் தடுமாறுவார்கள். சி.எஸ்.கே. தலை பலகைக்குள் அமிழ்ந்துவிடுவதால், அதன் நீளத்தைத் தலையின் மேற்பரப்பிலிருந்து முனைவரை அளக்கிறார்கள். பான் ஹெட், வாஷர் ஹெட் போன்றவை பலகைக்கு மேலே உட்காருவதால் தலையின் அடியிலிருந்து அளக்கிறார்கள். ஆகவே ஒரே 30 மி.மீ. என்றாலும் சி.எஸ்.கே.வும் வாஷர் ஹெட்டும் பக்கத்தில் வைத்தால் ஒரே உயரத்தில் நிற்காது. கணக்கு மாறுவதில்லை; கடையில் இரண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்து ஏமாறாமல் இருந்தால் போதும். சி.எஸ்.கே. தலையின் கீழே வாஷர் போட்டால் அதன் கனத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம்பரும் மில்லிமீட்டரும்

நம் ஊர்க் கடையில் இரண்டு கணக்கு ஒரே அலமாரியில் இருக்கும். பழைய மர ஸ்க்ரூ பெட்டியில் '32 × 8' என்று இருந்தால், முதலாவது நீளம் மில்லிமீட்டரில், இரண்டாவது கேஜ் நம்பர். சிப்போர்டு ஸ்க்ரூ பெட்டியில் '4 × 30' என்று இருந்தால், முதலாவது விட்டம், இரண்டாவது நீளம், இரண்டுமே மில்லிமீட்டர். 6-ஆம் நம்பர் என்பது 3.5 மி.மீ., 8-ஆம் நம்பர் சுமார் 4.2, 10-ஆம் நம்பர் 4.8. டிராயர் முகப்புக்கு 4 மி.மீ. அல்லது 8-ஆம் நம்பர் போதும். சின்ன, 300 மி.மீ. அகல டிராயருக்கு 3.5 தாங்கும். 10-ஆம் நம்பர் போட்டால் பலம் கூடும் என்று நினைப்பது சரியல்ல, 18 மி.மீ. பிளையில் அது இழைகளைப் பிளக்கிறது, தலையும் பெரிதாகி உள்ளே அசிங்கமாகத் தெரிகிறது.

மரையின் வடிவம் முக்கியம். சிப்போர்டு ஸ்க்ரூவில் நடுத்தண்டு மெலிந்து, மரை அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப்., பிளை மூன்றுக்கும் அதுதான் பொருத்தம். மரை நெருக்கமாக இருக்கும் உலோகத் தகடு ஸ்க்ரூ பார்ட்டிகிள் போர்டில் தூளை அரைத்து வெளியேற்றுமே தவிர, பிடிக்காது.

கருப்பு ஸ்க்ரூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிப்சம் போர்டு சீலிங்குக்கென்று செய்யப்பட்ட இந்த ஸ்க்ரூ விலை குறைவு, கூர்மை அதிகம், பைலட் இல்லாமலே இறங்கும். அதனால் ஆசாரிகளுக்குப் பிடிக்கும். அதன் எஃகு கடினப்படுத்தப்பட்டது; வளைவதற்குப் பதிலாகப் படக்கென்று உடையும். டிராயரைச் சாத்தும்போது விழும் அதிர்ச்சியில் தலை தெறித்து உள்ளே கிடப்பதைப் பார்க்கலாம். தலையின் அடிப்பாகம் கும்பா போல வளைந்திருப்பதால், அட்டையை அழுத்துவதற்கு ஏற்றது; பிளையில் அது ஆப்பு மாதிரி பிளந்துகொண்டு இறங்கும். கருப்புப் பூச்சும் ஈரத்தைத் தாங்காது. சிங்க்குக்குக் கீழே இருக்கும் டிராயரில் ஒரு மழைக்காலம் போதும், துருக்கறை லைனரில் வழிந்திருக்கும். சீலிங்கில் அது நல்ல ஸ்க்ரூ. சமையலறையில் அதற்கு இடமில்லை.

துருவைப் பற்றி: கோவை, சேலம் போன்ற உள்நாட்டு ஊர்களில், தண்ணீர் படாத டிராயருக்குத் துத்தநாகப் பூச்சு போட்ட எஃகு ஸ்க்ரூ தாராளமாகப் போதும். பூச்சு வெள்ளையா மஞ்சளா என்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று அடிக்கும் ஊர்களிலும், சிங்க், அடுப்புப் பக்கத்து டிராயர்களிலும் 304 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்கள். கடையில் 'த்ரீ நாட் ஃபோர்' என்று கேட்க வேண்டும். காந்தம் வைத்துப் பார்ப்பது பாதிச் சோதனைதான். பலமாகப் பிடித்தால் அது 304 இல்லை என்று ஒதுக்கலாம், 410 எஸ்.எஸ். அப்படிப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் 304 என்று உறுதியாகிவிடாது, மலிவான 202-உம் காந்தத்தில் ஒட்டாது. 304இலேயே கூட, மரை உருட்டும்போது கொஞ்சம் காந்தத்தன்மை ஏறலாம். லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம்.

எஸ்.எஸ். ஸ்க்ரூ மென்மையானது. பைலட் இல்லாமல் இறக்கினால் தலையின் பள்ளம் தேய்ந்துவிடும், இல்லையென்றால் தலை முறிந்துவிடும். மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு இறக்கினால் இலகுவாகப் போகும். சோப்பைத் தேய்ப்பது பழைய வழக்கம். சோப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் மெழுகுதான் நல்லது. தேக்கு முகப்பில் பித்தளை ஸ்க்ரூ போட ஆசைப்படுபவர்கள், முதலில் அதே அளவு எஃகு ஸ்க்ரூவை இறக்கி மரை வெட்டவைத்து, அதைக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போட வேண்டும். பித்தளை நேரடியாக முதல் முறையே தேக்குக்குள் போகும் பலம் உள்ளது அல்ல.

தலையின் பள்ளத்தையும் கவனியுங்கள். சாதாரண நட்சத்திரப் பள்ளம் பிலிப்ஸ், அதற்கு பி.எச்.2 பிட். அதே நட்சத்திரத்தின் கைகளுக்கு இடையில் மெல்லிய கோடுகள் கூடுதலாக இருந்தால் அது போசிட்ரிவ், அதற்கு பி.இசட்.2. பிளம், ஹெட்டிச் போன்ற ஐரோப்பிய ஹார்டுவேரோடு வருபவை பெரும்பாலும் போசிட்ரிவ். அதில் பி.எச்.2 பிட்டை வைத்துச் சுற்றினால் பிட் எகிறிப் பள்ளத்தைத் தின்றுவிடும். பிறகு அந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது பெரும்பாடு. ஆறுமுனைப் பள்ளம் உள்ள டார்க்ஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள், 4 மி.மீ.க்கு டி20 பிட். பிட் எகிறுவதே கிடையாது.

எத்தனை, எங்கே, எந்த வரிசையில்

600 மி.மீ. அகலம் வரை நான்கு ஸ்க்ரூ. 900 மி.மீ. டிராயருக்கு ஆறு. பெட்டியின் ஓரத்திலிருந்து 40, 50 மி.மீ. உள்ளே தள்ளிப் போட வேண்டும். கீழ் வரிசையில் அடித்தட்டு உட்காரும் பள்ளத்தைத் தவிர்க்க, பெட்டியின் அடியிலிருந்து குறைந்தது 25 மி.மீ. மேலே. ஆறு போடும்போது நடு ஸ்க்ரூ இரண்டும் கைப்பிடிக்கு அருகில் வந்தால் நல்லது, இழுப்பு அங்கேதான் விழுகிறது. கைப்பிடியே இல்லாமல் மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கும் மாடலில், இழுப்பு முழுவதும் நெம்புகோல் போல மேல் வரிசையில் விழும். அங்கே 600 மி.மீ. டிராயருக்கும் மேல் வரிசையில் மூன்று போடுவது என் வழக்கம்.

முகப்பை நேராக உட்கார வைப்பதுதான் நேரம் பிடிக்கும் வேலை. முகப்புகளுக்கு நடுவில் 3 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால் 1 மி.மீ. மைக்கா துண்டு மூன்றை அடுக்கி ஒட்டினால் ஸ்பேசர் தயார். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, அதன் முன்பலகையில் இரட்டைப்பக்க டேப் ஒட்டி, ஸ்பேசர்மேல் முகப்பை நிறுத்தி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக வெளியே இழுத்து, கிளாம்ப் போட்டு, உள்ளிருந்து ஸ்க்ரூ.

டேப் பிடிக்காத பரப்பில் கைப்பிடி ஓட்டையே உதவும். முகப்பில் கைப்பிடிக்கான ஓட்டைகளை முதலிலேயே போட்டுவிட்டு, முகப்பை ஸ்பேசரில் நிறுத்தி, அந்த ஓட்டைகள் வழியாக வெளியிலிருந்தே இரண்டு ஸ்க்ரூவைப் பெட்டிப் பலகையில் தற்காலிகமாக இறக்குங்கள். டிராயரைத் திறந்து உள்ளிருந்து நிரந்தர ஸ்க்ரூக்களைப் போட்டுவிட்டு, வெளியே இருக்கும் இரண்டையும் எடுத்துவிடலாம். பிறகு அதே ஓட்டை வழியாக பிட்டை விட்டு, பெட்டிப் பலகையையும் துளைத்தால் கைப்பிடி ஸ்க்ரூவுக்கு வழி கிடைத்துவிடும்.

நிரந்தர ஸ்க்ரூவிலும் வரிசை இருக்கிறது. முதலில் எதிரெதிர் மூலையில் இரண்டு, 6 மி.மீ. ஓட்டையில், வாஷர் ஹெட் ஸ்க்ரூவோ வாஷர் சேர்த்த பான் ஹெட் ஸ்க்ரூவோ. முழுவதும் இறுக்காமல் டிராயரை மூடி, நான்கு பக்க இடைவெளியையும் பாருங்கள். ஓட்டையில் உள்ள தளர்வால் எந்தப் பக்கமும் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தலாம். சரியாக வந்ததும் அந்த இரண்டையும் இறுக்கிவிட்டு, மீதி இரண்டு மூலையில் 4.5 மி.மீ. ஓட்டையில் சி.எஸ்.கே. ஸ்க்ரூ போட்டால், இனி முகப்பு நகராது. எல்லா ஓட்டையையும் பெரிதாகப் போட்டுவிட்டால் வாஷரின் அழுத்தம் மட்டுமே பிடிக்கும். கனமான டிராயரில் மெதுவாகக் கீழே சரியும்.

முழு தேக்குப் பலகை முகப்பாக இருந்தால் இந்தப் பூட்டு வேண்டாம். மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பி, வெயிலில் சுருங்கும், 250 மி.மீ. உயரமுள்ள முகப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை போகலாம். கீழ் வரிசையைச் சாதாரணமாகப் பிடித்து, மேல் வரிசைக்கு மட்டும் பெரிய ஓட்டையும் வாஷரும் வைத்தால் மரம் அசைந்துகொள்ள இடம் இருக்கும். நான்கையும் பூட்டினால் ஒரு கோடையில் வெடிப்பு விடும்.

ஃபெவிகால் தடவி, பின் ஆணி அடித்து, அதோடு ஸ்க்ரூவும் போடும் பழக்கம் ஒன்று உண்டு. பலமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் டிராயர் ஓடும் சேனலை மாற்றவோ, மைக்கா பெயர்ந்த முகப்பை மாற்றவோ வரும் நாளில் பெட்டியையே உடைக்க வேண்டிவரும். சரியான நீளத்தில் நான்கு ஸ்க்ரூவே போதுமான பிடிப்பைக் கொடுக்கும், பசை வேண்டாம்.

மெஷினில் கிளட்சைக் குறைவான எண்ணில் வையுங்கள். கடைசி அரைச் சுற்றைக் கை ஸ்க்ரூ டிரைவரால் முடிப்பதுதான் உத்தமம். இம்பாக்ட் டிரைவர் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். பைலட் போடும்போது பிட்டில் டேப் சுற்றி ஆழம் குறித்துக்கொள்ளுங்கள்: பெட்டிக் கனம் கூட்டல் 12 மி.மீ.

கைப்பிடி ஸ்க்ரூ

கைப்பிடிகளோடு வரும் எம்4 (4 மி.மீ. விட்டமுள்ள) ஸ்க்ரூ 25 மி.மீ. நீளம் இருக்கும். அது ஒற்றைப் பலகைக் கதவுக்கு. டிராயரில் முகப்பும் பெட்டியும் சேர்ந்து 32 முதல் 38 மி.மீ. ஆகிவிடுவதால் எட்டாது. உடனே பெட்டிப் பலகையில் உள்ளிருந்து பெரிய குழியாகத் தோண்டி அந்த 25 மி.மீ. ஸ்க்ரூவையே எட்டவைப்பார்கள். குழி தோண்டிய இடத்தில் பெட்டிப் பலகையின் பலம் போய்விடுகிறது. கனம் கூட்டல் 6 முதல் 8 மி.மீ. என்று கணக்கிட்டு 40 அல்லது 45 மி.மீ. எம்4 ஸ்க்ரூவைத் தனியாக வாங்குவது மேல். இரண்டு பலகையையும் சேர்த்துப் பிடிக்கும் கைப்பிடி ஸ்க்ரூ, முகப்பைப் பிடிக்கும் ஐந்தாவது, ஆறாவது ஸ்க்ரூவாகவும் வேலை செய்கிறது. முகப்புக்கு மட்டும் கைப்பிடியைப் பிடித்து, ஸ்க்ரூ தலையை முகப்புக்குப் பின்னால் புதைத்துவிடும் முறையில் உட்பக்கம் அழகாக இருக்கும். ஆனால் கைப்பிடி தளர்ந்தால் முகப்பையே கழற்றித்தான் இறுக்க முடியும்.

ஸ்க்ரூ நீளம் கூடினால், கைப்பிடியின் உள்ளே இருக்கும் குழியின் அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்க்ரூ இனிச் சுற்றாது, கைப்பிடி மட்டும் ஆடும். இதை முறுக்கி முறுக்கிச் சரிசெய்ய முயன்றால் மரை போய்விடும். தலையின் கீழே ஒரு வாஷர் போடலாம், அல்லது ஸ்க்ரூவை வெட்டலாம். வெட்டும் முன் ஒரு எம்4 நட்டை அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு நட்டைக் கழற்றும்போது முனையில் நசுங்கிய மரையை அது சீராக்கிவிடும். இடையிடையே வெட்டுக்குழி விட்டு, பிளையரால் ஒடித்துத் தேவையான நீளத்துக்குக் கொண்டுவரும் 45 மி.மீ. ஸ்க்ரூவும் கிடைக்கிறது, பலகைக் கனம் பலவிதமாக உள்ள வீட்டில் அதுதான் வசதி.

அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த கைப்பிடிகளில் பெரும்பாலும் 8-32 என்ற இன்ச் மரை இருக்கும். விட்டத்தில் எம்4க்கு மிக நெருக்கம், ஆனால் மரை இடைவெளி வேறு. நம் எம்4 ஸ்க்ரூ அதில் இரண்டு சுற்று போய் இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலவந்தப்படுத்தினால் கைப்பிடியின் மரைதான் கெடும்.

இரண்டு ஓட்டைக் கைப்பிடிகளின் மையத் தூரம் பெரும்பாலும் 32இன் மடங்காக வரும்: 96, 128, 160, 192, 224, 320 என்று. ஓட்டைக்கு 4.5 மி.மீ. பிட், மைக்காப் பக்கத்திலிருந்து துளைக்க வேண்டும், பின்னால் ஒரு கழிவுத் துண்டை அழுத்திப் பிடித்தபடி. இல்லையென்றால் பிட் வெளியேறும் இடத்தில் லைனர் செதில் செதிலாகப் பெயரும்.

இரும்புப் பக்கப் பெட்டிகள்

இவற்றில் முகப்பின் பின்னால் பிராக்கெட்டைப் பிடித்து, அதைப் பெட்டியின் பக்கத்தில் மாட்டுகிறோம். ஸ்க்ரூ ஒரே பலகைக்குள் போவதால் 3.5 அல்லது 4 மி.மீ. விட்டம், 15, 16 மி.மீ. நீளம் போதும். கவனிக்க வேண்டியது தலை. பிராக்கெட்டின் குழிக்குள் சி.எஸ்.கே. தலை முழுவதும் அமிழ வேண்டும். ஒரு நூல் வெளியே துருத்தினாலும் பக்கத்தகடு முழுதாக உட்காராமல், முகப்பு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். கூடவே வந்த ஸ்க்ரூ தொலைந்தால் பிராக்கெட்டையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் சரி. மேல்கீழ், பக்கவாட்டு நகர்த்தல் எல்லாம் பெட்டியிலேயே இருப்பதால் பெரிய ஓட்டையும் வாஷரும் இங்கே தேவையில்லை.

வாங்கும்போது

தெருமுனை ஹார்டுவேர் கடையில் 25 × 6, 32 × 8 கிடைக்கும், சில்லறையாகவும் தருவார்கள். வாஷர் ஹெட், 40க்கு மேல் நீளமுள்ள எம்4, ஒடிக்கும் ஸ்க்ரூ, 304 சிப்போர்டு ஆகியவற்றுக்கு, கீலும் சேனலும் விற்கும் மாடுலர் கிச்சன் ஹார்டுவேர் கடைக்குப் போக வேண்டும். சென்னையில் பாரிமுனையைச் சுற்றிய மொத்த விற்பனைத் தெருக்களில் இவை நூறு எண்ணம் கொண்ட பெட்டியாகக் கிடைக்கும். 600 மி.மீ. டிராயர் ஆறு, 900 மி.மீ. டிராயர் மூன்று உள்ள சமையலறைக்கு 24உம் 18உமாக 42 ஸ்க்ரூ. நூறு பெட்டி ஒன்று வாங்கினால் மிச்சம் வீட்டுக்கு ஆகும். கைப்பிடி ஸ்க்ரூ டிராயருக்கு இரண்டு என்று 18, இருபத்திரண்டாக வாங்குங்கள்.

பலகை இரண்டிலும் ஒரு சின்னத் துண்டும், கைப்பிடி ஒன்றும், பிட்டும் பையில் இருக்கட்டும். பெட்டியிலிருந்து பத்து ஸ்க்ரூவை எடுத்துப் பாருங்கள். பள்ளம் நடுவில் இருக்கிறதா, மரை முனைவரை முழுதாக வந்திருக்கிறதா, பிட்டில் மாட்டிக் கிடைமட்டமாகப் பிடித்தால் தொங்காமல் நிற்கிறதா. வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டில் பைலட் போட்டு, கையாலேயே வரம்பு மீறி முறுக்கிப் பாருங்கள். மரம் விட்டுக்கொடுத்து ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பித்தால் நல்ல ஸ்க்ரூ. மரத்துக்கு முன்னால் தலை முறிந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஓட்டை தளர்ந்துவிட்டால்

எல்லோரும் செய்வது நீளமான ஸ்க்ரூவைப் போடுவது. மேலே சொன்ன கணக்குப்படி முகப்பில் அதற்கு இடமே இல்லை. பசையில் தோய்த்த தீக்குச்சியைத் திணிப்பது சில மாதம் தாங்கும். நிரந்தரமாகச் சரிசெய்ய, முகப்பைக் கழற்றிப் பின்பக்கம் 8 மி.மீ. பிட்டால் 12 மி.மீ. ஆழம் துளைத்து, கெட்டியான மர டவலை (உருளையான மரக்குச்சியை) வெள்ளைப் பசை தடவி அடித்து இறக்குங்கள். ஒரு நாள் காயவிட்டு, துருத்தியதை உளியால் சமன்செய்து, டவலின் நடுவில் புதிதாக 2.5 மி.மீ. பைலட். பழைய இடத்துக்கு இரண்டு விரல் தள்ளிப் புதிய ஓட்டை போட இடமிருந்தால் அது இன்னும் சுலபம், பிடிப்பும் குறையாது.

பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடி போடும் ஒவ்வொரு முறையும் பிடிப்பு குறையும். ஆகவே திரும்பப் போடும்போது, முதலில் ஸ்க்ரூவை எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையின் வாயில் விழும்போது 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் கையில் தெரியும். அங்கிருந்து முன்னால் திருப்பினால் பழைய தடத்திலேயே போகும், புதிதாக அறுக்காது.

முகப்பு ஆடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் டவல் வரை போக வேண்டியிருக்காது. பெட்டிப் பலகையின் ஓட்டையை 4.5 மி.மீ.க்குப் பெரிதாக்கி, அதே ஸ்க்ரூவை அதே தடத்தில் திரும்ப இறக்கினால் இடைவெளி மூடிக்கொள்ளும்.